நாய்க்கு நோய் வந்தால் எங்கே ஓடுவது? மாட்டாஸ்பத்திரி முதல் வேப்பேரி வரை!

பண்ருட்டி:

தமிழ்நாட்டில் 2024-ம் ஆண்டில் மட்டும் 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் நாய்க்கடி பட்டனர். அவர்களில் 43 பேர் வெறிநோய் கண்டு துடிதுடித்துச் செத்தனர்.

கடித்தது எல்லாம் தெருநாய் என்று நினைத்துவிட வேண்டாம். திண்ணையில் படுத்திருக்கும் நம்ம வீட்டு நாயும் கடிக்கும். தெருநாயோடு ஒரு தடவை சண்டை போட்டுவிட்டு வந்தால் போதும். அந்த நாய்க்கு வெறி இருந்தால் நம்ம நாய்க்கும் வரும். பிறகு வீட்டில் இருக்கிற குழந்தைக்கும் ஆபத்து!

இதைத் தடுக்க ஒரே ஒரு ஊசி போதும். அந்த ஊசியை எங்கே போடுவது? நாய் சாப்பிடாமல் படுத்துக்கொண்டால் யாரிடம் காட்டுவது? ராத்திரியில் வாந்தி எடுத்தால் எங்கே ஓடுவது? பண்ருட்டியில் நாய், பூனை வளர்க்கும் பாதிப்பேருக்கு இதற்குப் பதில் தெரியாது. நோய் வந்த பிறகுதான் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். அதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது.

பண்ருட்டியில் காவலுக்கு நாய் வைத்திருப்பவர்கள் அதிகம். பலாத்தோப்பு, முந்திரித் தோப்பு, மண்டி, கிடங்கு எல்லாவற்றுக்கும் நாய்தான் வாட்ச்மேன். இப்போது டவுனிலும் லாப்ரடார், பொமரேனியன், ராஜபாளையம் என்று ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து குட்டி வாங்குகிறார்கள். குட்டி வாங்கக் காசு இருக்கிறது. டாக்டரை விசாரித்து வைக்க மட்டும் நேரம் இல்லை!

பண்ருட்டிக்காரருக்கு நாலு வழிகள் உண்டு. அரசு மாட்டாஸ்பத்திரி, தனியார் கிளினிக், மருந்துக் கடை, வெளியூர் காலேஜ் ஆஸ்பத்திரி. இந்த நாலில் எது எதற்கு உதவும், எது உதவாது என்று பார்ப்போம்.

மாட்டாஸ்பத்திரி

சர்க்கார் கால்நடை மருத்துவமனையைத்தான் ஊரில் மாட்டாஸ்பத்திரி என்கிறார்கள். பேரே சொல்கிறது பாருங்கள், அது மாட்டுக்காக ஏற்பட்ட இடம். ஆனால் நாய், பூனைக்கும் அங்கே வைத்தியம் உண்டு. "அது மாட்டுக்கு மட்டும்தானே?" என்று கேட்டுக்கொண்டு அந்தப் பக்கமே போகாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தப்பு.

அரசு கால்நடை நிலையங்களில் பல படிகள் உண்டு. கிராமத்தில் கிளை நிலையம். அதற்கு மேல் மருந்தகம். அடுத்து மருத்துவமனை. பெரிய ஊர்களில் பெருமருத்துவமனை, பன்முக மருத்துவமனை. கிளை நிலையத்தில் முழு நேர டாக்டர் இருப்பார் என்று நம்பிப் போகக்கூடாது. மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் பட்டம் பெற்ற டாக்டர் இருப்பார்.

இங்கே என்ன லாபம்? டாக்டர் பீஸ் கிடையாது. வெறிநோய் தடுப்பூசிக்கு இது நல்ல இடம். வருடத்தில் இரண்டு நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஒன்று ஜூலை 6. இன்னொன்று செப்டம்பர் 28. முதலாவது, மிருகங்களிடம் இருந்து மனிதனுக்குத் தொற்றும் நோய்களைப் பற்றிய உலக தினம். அடுத்தது உலக வெறிநோய் தினம். இந்த நாட்களை ஒட்டி அரசு கால்நடை நிலையங்களில் நாய்களுக்கு இலவச ஊசி முகாம் நடத்துவது வழக்கம்.

இந்த இரண்டு தேதிக்கும் ஒரு கதை உண்டு. 1885 ஜூலை 6-ந் தேதி பிரான்ஸ் தேசத்தில் வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு விஞ்ஞானி லூயி பாஸ்டியர் தன்னுடைய ஊசியைப் போட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். பாஸ்டியர் 1895-ல் இறந்த நாள்தான் செப்டம்பர் 28. அவர் பேரில் நம்ம நீலகிரி குன்னூரிலேயே 1907-ல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். அது இன்றும் இருக்கிறது.

இனி நஷ்டம் என்ன? காலையில் மாடு, ஆட்டுக் கூட்டம். சினை ஊசிக்கு ஒரு வரிசை. பலா சீசன் வந்துவிட்டால் சக்கையையும் சுளையையும் அளவில்லாமல் தின்று வயிறு உப்பிய மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அதை உடனே பார்க்காவிட்டால் உயிர் போய்விடும். டாக்டர் அங்கேதான் முதலில் போவார். போகவும் வேண்டும். நடுவில் கிராமத்தில் முகாம், கோமாரி ஊசி என்று வெளியே போய்விடுவதும் உண்டு.

அதனால் கிளம்புவதற்கு முன்பு விசாரித்துக்கொண்டு போவது நல்லது. "டாக்டர் இருக்காரா? எத்தனை மணி வரைக்கும் பார்ப்பார்?" இந்த இரண்டு கேள்வி போதும். ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

குட்டிகளுக்குப் போடும் கூட்டு ஊசி, அதாவது பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான ஊசி, மாட்டாஸ்பத்திரியில் பெரும்பாலும் இருக்காது. வெளியே வாங்கி வரச் சொல்வார்கள்.

தனியார் கிளினிக்

சாயங்காலம் கடையைக் கட்டிவிட்டு, ஆபீஸ் விட்டு வந்து நாயைக் கூட்டிப்போக வசதி தனியார் கிளினிக்தான். நாய், பூனைக்கு வேண்டிய மருந்து அங்கே தயாராக இருக்கும். டாக்டர் நிதானமாகப் பார்ப்பார். போன் நம்பர் கொடுப்பார். பீஸ் உண்டு. ஊசிக்குத் தனி, மருந்துக்குத் தனி. முதலிலேயே கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எந்தக் கிளினிக் நல்ல கிளினிக்? கண்ணாடிக் கதவு, ஏ.சி., கலர் போர்டு இதையெல்லாம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பார்க்க வேண்டியது வேறு.

முதலில் போர்டைப் படியுங்கள். கால்நடை டாக்டர் என்றால் ஐந்தரை வருடப் படிப்பு. படித்து முடித்ததும் கால்நடை மருத்துவ கவுன்சிலில் பேரைப் பதிவு செய்ய வேண்டும். 1984-ம் வருடச் சட்டப்படி, பதிவு செய்தவர்தான் வைத்தியம் பார்க்கலாம். பதிவு நம்பரைக் கேட்டால் நிஜ டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து எடை மெஷின். நாய்க்கு மருந்து அளவு எடையைப் பொறுத்தது. 5 கிலோ பொமரேனியனுக்கும் 35 கிலோ லாப்ரடாருக்கும் ஒரே அளவு மருந்து என்றால் அந்த வாசல்படி இறங்கிவிடுங்கள்.

மூன்றாவது ஐஸ்பெட்டி. தடுப்பூசி மருந்து 2 டிகிரியில் இருந்து 8 டிகிரி வரை குளிரில் இருக்க வேண்டும். கரண்டு போனால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். சூடு பட்ட மருந்தை ஊசியில் ஏற்றினால் தண்ணீரை ஏற்றியது போலத்தான். நாய்க்கு ஊசி போட்டாச்சு என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். நாய்க்கு உள்ளே பாதுகாப்பு இருக்காது!

நாலாவது ஊசி கார்டு. எந்தத் தேதி, எந்த மருந்து, அடுத்த ஊசி என்றைக்கு என்று எழுதி, மருந்து சீசாவின் லேபிளையும் ஒட்டி, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நாளைக்கு உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் அந்தக் கார்டுதான் உங்கள் பக்கம் பேசும்.

கடைசியாக ராத்திரிச் சமாசாரம். "ராத்திரி அவசரம்னா போன் எடுப்பீங்களா சார்?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். எடுக்க மாட்டேன் என்றால் அதுவும் நல்லதுதான். வேறு ஆளைத் தேடி வைக்கலாம்.

மருந்துக் கடை வைத்தியம்

இதுதான் விபரீதம்!

"அண்ணே, நாய் ரெண்டு நாளா சாப்பிடல. ஏதாவது மாத்திரை குடுங்க." மருந்துக் கடையில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கொடுப்பவர்களும் உண்டு. மனுஷனுக்குக் காய்ச்சல் என்றால் போடும் பாராசிட்டமால் மாத்திரையை நாய்க்கும் பூனைக்கும் பாதியாக உடைத்துப் போடுகிறார்கள்.

பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். ஒரே மாத்திரையில் பூனை செத்துப்போகும். அதை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. நாய்க்கு மனுஷ வலி மாத்திரை கொடுத்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தமாகப் போகும். கிட்னியும் கெடும்.

வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். படிப்பு கிடையாது. எங்கேயோ உதவியாளாக இருந்து கற்றுக்கொண்டது. செலவு கம்மி என்று கூப்பிடுகிறார்கள். அவர் சட்டைப் பையில் எடுத்து வந்த ஊசி மருந்து எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்? டாக்டர் எழுதிக் கொடுத்து நீங்களே கடையில் வாங்கினாலும் ஐஸ் கட்டியோடு பிளாஸ்கில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

குரும்பாபேட்டும் வேப்பேரியும்

எலும்பு முறிவு, வயிற்றில் கட்டி, பெரிய ஆபரேஷன், ஸ்கேன் என்றால் பண்ருட்டியில் முடியாது. இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் மாவட்டத் தலைநகர் கடலூர். முதலில் அங்கே விசாரிக்கலாம். அதற்கும் மேலே போக வேண்டும் என்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1994-ல் தொடங்கியது. நம்ம பக்கத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் காலேஜ் ஆஸ்பத்திரி இதுதான்.

அடுத்தது சென்னை வேப்பேரி. ஏறத்தாழ 180 கிலோமீட்டர். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்து, பிறகு வேப்பேரிக்கு வந்தது. 1989-ல் கால்நடைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது அதில் சேர்ந்தது. கண்ணுக்குத் தனி, எலும்புக்குத் தனி, தோலுக்குத் தனி என்று அங்கே பிரிவுகள் இருக்கின்றன. மதராஸ்வாசிகளுக்கு நாய் ஆஸ்பத்திரி என்றால் வேப்பேரிதான்.

காலேஜ் ஆஸ்பத்திரியில் செலவு தனியாரைவிடக் குறைவு. ஆனால் கூட்டம் அதிகம். ஒரு நாள் வேலை போய்விடும். மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். பெரிய டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், பயப்பட வேண்டாம்.

உள்ளூர் டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இதுவரை என்ன மருந்து, எத்தனை நாள் என்று அதில் இருந்தால் அங்கே பாதி வேலை முடிந்துவிடும். இன்னொன்று: நாயை பஸ்சில் ஏற்ற மாட்டார்கள். வண்டிச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். டாக்டருக்குக் கொடுப்பதைவிட டாக்சிக்குக் கொடுப்பது பெரிதாக இருக்கும்.

எதற்கு எங்கே?

எது நல்ல ஆஸ்பத்திரி என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. என்ன நோய் என்று கேட்டால் சொல்லலாம்.

ஆண்டு ஊசி, பூச்சி மருந்து, உண்ணித் தொல்லை, சாதாரணப் புண் என்றால் மாட்டாஸ்பத்திரியே போதும். அவசரம் இல்லாத வேலைக்குக் காத்திருக்கலாம்.

குட்டி வாந்தி எடுத்து, நாற்றத்தோடு ரத்தபேதி போனால் அது பார்வோவாக இருக்கலாம். ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது. இரண்டு, மூன்று நாளில் கதை முடிந்துவிடும். இதற்கு ஒரே ஊசியில் குணம் கிடையாது. நாலைந்து நாள் டிரிப் ஏற்ற வேண்டும். தினமும் போய் வரத்தக்க தூரத்தில் டிரிப் ஏற்றுகிற டாக்டர் யாரோ அவர்தான் உங்களுக்குப் பெரிய டாக்டர். "மெட்ராசுக்குக் கொண்டுபோறேன்" என்று கிளம்பினால் குட்டி வழியிலேயே போய்விடும். செத்த குட்டி இருந்த இடத்தில் மாதக்கணக்கில் கிருமி இருக்கும். பிளீச்சிங் போட்டுக் கழுவாமல் அடுத்த குட்டியை வாங்கி விடாதீர்கள்.

தோப்பு நாய்களுக்கு வேறு ஆபத்து. முந்திரிக்குப் பூச்சிமருந்து அடிக்கும் காலத்தில் நாய் அதை நக்கிவிடும். எச்சில் வடியும், உடம்பு நடுங்கும், இழுப்பு வரும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று நேரத்தை வீணாக்காதீர்கள். மருந்து சீசாவைக் கையில் எடுத்துக்கொண்டு கிட்டத்தில் இருக்கும் டாக்டரிடம் ஓடுங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால் முறிவு மருந்து கொடுப்பது சுலபம். பாம்புக்கடிக்கும் இதே கதைதான். பாம்பு விஷமுறிவு மருந்து எங்கே இருக்கிறது என்பதைத் தோப்பு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

குட்டி போடாத பெட்டை நாய் நிறைய தண்ணீர் குடித்து, பின்பக்கம் சீழ் வடிந்தால் கர்ப்பப்பையில் கோளாறு. இதற்கு ஆபரேஷன்தான் வழி. உள்ளூரில் ஆபரேஷன் செய்யும் டாக்டர் இருந்தால் சரி. இல்லாவிட்டால் அன்றைக்கே கடலூருக்கோ குரும்பாபேட்டுக்கோ கிளம்ப வேண்டும்.

1962 என்ற நம்பரும் உண்டு. காசு இல்லாமல் போன் போடலாம். வண்டியோடு டாக்டர் வீடு தேடி வருகிற திட்டம். முக்கியமாக ஆடு, மாடுகளுக்காக ஏற்பட்டது. மாடு வைத்திருப்பவர்கள் இந்த நம்பரைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

வெறிநோய் ஊசி

வெறிநோய் கண்ட நாய்க்கு வைத்தியம் கிடையாது. மனுஷனுக்கும் கிடையாது. நோய் வெளியே தெரிந்துவிட்டால் மரணம்தான். உலகத்தில் வருடத்துக்கு சுமார் 59 ஆயிரம் பேர் இதற்குப் பலியாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மனுஷனுக்கு வருவதில் 100-க்கு 99 நாய் மூலமாகத்தான்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் வெறிநோய் ஊசி. டாக்டர் சொல்லும் தேதியில் மறு ஊசி. பிறகு வருடம் ஒரு தடவை. "வீட்டை விட்டு வெளியே போகாத நாய்தானே" என்று விட்டுவிடக்கூடாது. கதவு திறந்திருக்கிற ஒரு நிமிஷம் போதும். பூனைக்கும் இந்த ஊசி உண்டு. பலருக்கு இது தெரியாது.

பார்வோ கூட்டு ஊசி அதற்கும் முந்தி. ஆறு, எட்டு வாரத்தில் ஆரம்பித்து, நாலு மாதம் ஆகும் வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை.

நாய் கடித்துவிட்டால்...

ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித்தூள் எதையும் அப்பக்கூடாது. மந்திரிப்பது, பச்சிலை கட்டுவது எல்லாம் பிறகு கண்ணீர் விடத்தான்.

உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். கையில் போடுவார்கள். முதல் நாள், அப்புறம் 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது பழைய கதை. அந்த மருந்தையே அரசாங்கம் எப்போதோ நிறுத்திவிட்டது. அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ! காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள்.

கடித்தது வீட்டு நாயாக இருந்தால் அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிப்போட்டு 10 நாள் கவனியுங்கள். கால்நடை டாக்டரிடம் சொல்லுங்கள். 10 நாளும் நாய் நன்றாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிக்கிருமி இல்லை என்று அர்த்தம். ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று மனுஷனுக்கு ஊசி போடுவதைத் தள்ளிப்போடக்கூடாது. நாய்க்கு ஊசி போட்டாச்சு என்ற தைரியத்திலும் சும்மா இருக்கக்கூடாது. கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டுங்கள். மேற்கொண்டு அவர் சொல்லுவார்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

* கிட்டத்தில் இருக்கும் கால்நடை டாக்டர் இரண்டு பேரின் போன் நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர்.

* மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் பார்க்கும் நேரத்தை அங்கே உள்ள போர்டில் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

* நாய் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டுங்கள். டாக்டருக்கு நாய் பழகும், நாய்க்கு டாக்டர் பழகும்.

* ஊசி கார்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

* ராத்திரியில் நாயை ஏற்றிக்கொண்டு வர ஒத்துக்கொள்ளும் ஆட்டோக்காரர் ஒருவரைப் பேசி வையுங்கள். ராத்திரி 2 மணிக்கு நோயைவிடப் பெரிய பிரச்சினை அதுதான்.

நகராட்சியும் கால்நடைத் துறையும் இன்னொரு காரியம் செய்தால் புண்ணியமாகப் போகும். ஊசி முகாம் நடக்கிற தேதியை ஒரு வாரம் முன்பே பஸ் ஸ்டாண்டிலும், பலா மண்டியிலும், திருவதிகை, காடாம்புலியூர் பக்கத்துத் தோப்புக் கிராமங்களிலும் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். முகாம் முடிந்த மறுநாள் தகவல் தெரிந்து என்ன பிரயோஜனம்? தோப்பைக் காக்கிற நாய்க்கு ஊசி போடாவிட்டால் ஆபத்து தோப்போடு நிற்காது. அதற்குச் சோறு வைக்கிற கைக்குத்தான் முதலில் வரும்.